ஏவி ரிசீவருக்கு என்ன சொல்லலாம்? (மறு: பெருக்கி / ஒலிபெருக்கி)

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹோம் தியேட்டர் கையேட்டின் தமிழ் வரைவு, ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது என்ற இயலில் வந்து நிற்கிறது. ஆம்ப்ளிஃபயருக்கு 'பெருக்கி' என்று நான் முன்மொழிந்ததற்கு உங்களிடமிருந்து வந்த மறுமொழிகளுக்கும் இதிலேயே பதில் எழுதுகிறேன். இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள்:

"ஒலிபெருக்கியைக் காது மட்டத்தில் வையுங்கள்."
"ஒலிபெருக்கிக்கு மேலே ஒரு சாணாவது இடம் விடுங்கள். மூடிய அலமாரியில் வைத்தால் சூடேறித் தானே அணைந்துவிடும்."

முதல் வரி ஸ்பீக்கருக்கு, இரண்டாவது ஆம்ப்ளிஃபயருக்கு. இதைப் படித்துவிட்டு ஸ்பீக்கருக்குக் காற்றோட்டம் விட்டு, ஆம்ப்ளிஃபயரை டிவி மேசைக்குள் பூட்டி வைப்பவர்மேல் குற்றமில்லை.

> ஸ்பீக்கருக்கு 'ஒலிப்பான்' என்று வைத்துவிட்டு, ஒலிபெருக்கியை ஆம்ப்ளிஃபயருக்கு மீட்டுவிடலாமே?

மீட்க முடியாது ஐயா. கோயில் கொடைக்கு மரத்தில் கட்டுகிற கூம்புக் குழாய்தான் ஊருக்கு ஒலிபெருக்கி. பந்தலுக்குப் பின்னால் மைக்செட்காரர் மேசைமேல் வைத்திருக்கும் பெட்டியை அவரே ஆம்ப்ளி என்றுதான் சொல்கிறார். ஒலிப்பானையோ பேருந்துகள் எடுத்துக்கொண்டுவிட்டன. காற்று ஒலிப்பான் என்று செய்தித்தாளில் வராத மாதம் இல்லை. ஒலிபெருக்கி ஸ்பீக்கருக்கே இருக்கட்டும்.

> வெறும் 'பெருக்கி' என்றால் துடைப்பம்தான் நினைவுக்கு வருகிறது. மிகைப்பி நல்ல சொல்.

"ஹாலில் பெருக்கி வைக்கும் இடம்" என்று எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் மிகை என்றால் தேவைக்கு மேல் என்று பொருள். நல்ல ஆம்ப்ளிஃபயர் எதையும் மிகையாக்குவதில்லை; உள்ளே வரும் மின்னழுத்தத்தை ஒரே எண்ணால் பெருக்கித் தருகிறது. 1 வோல்ட் உள்ளே போய் 28 வோல்ட் வெளியே வந்தால் அது 8 ஓம் ஸ்பீக்கரில் ஏறத்தாழ 100 வாட். வாய்பாட்டில் நாம் செய்யும் அதே பெருக்கல்தான். எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதைக் குறிக்கும் 'கெயின்' என்பதற்கும் 'பெருக்கம்' என்று அதே வேரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். துடைப்பத்தைச் சூழல் பார்த்துக்கொள்ளும்.

> இலங்கையில் நாங்கள் விரியலாக்கி என்றுதான் படித்தோம். செயற்பாட்டு விரியலாக்கி என்று உயர்தர பௌதிகவியலிலேயே உண்டு.

தெரியும் அக்கா. அங்கே வகுப்பறையில் ஊன்றிவிட்ட சொல்லை நாம் பிடுங்க வேண்டியதில்லை. முதல் முறை வரும் இடத்தில் 'பெருக்கி அல்லது விரியலாக்கி' என்று போடுகிறேன். சொல்லடைவில் இரண்டும் இருக்கும்.

இனி உட்பிரிவுகள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப் முன்பெருக்கி, ஸ்பீக்கரை ஓட்டும் திறனைத் தரும் பவர்ஆம்ப் திறன்பெருக்கி. பெட்டிகளை வைக்கும்போது இந்தப் பிரிவு மிகவும் தேவைப்படுகிறது. திறன்பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடுகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர 5 ஆம்பியர் வேண்டும். வயர் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தால் அந்தத் திறனில் ஒரு பங்கு வயரைச் சூடாக்கவே போய்விடும். முன்பெருக்கிக்கும் திறன்பெருக்கிக்கும் நடுவே மிகச் சிறிய மின்னோட்டம்தான். ஆகவே இடம் இருப்பவர்கள் திறன்பெருக்கியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முன்பெருக்கியிலிருந்து வரும் சமிக்ஞைக் கேபிளை நீளமாக இழுப்பார்கள். அந்தக் கேபிளை மின்கம்பியோடு ஒட்டி ஓட்டாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். தூரம் அதிகம் என்றால் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசி முனை உள்ள, வழியில் ஏறும் ரீங்காரத்தைக் கழிக்க உதவும் சமநிலைக் கேபிள் நல்லது. இதையெல்லாம் 'ஆம்ப்ளிஃபயர்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், தலை சுற்றும்.

சரி, ஏவி ரிசீவர். 'ஏற்பி', 'பெறுவி' என்றெல்லாம் வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். எனக்கு ஒப்புதல் இல்லை. ரேடியோ ட்யூனரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே பெட்டியில் போட்டு விற்றதால் வந்த பெயர் அது. இன்று அதில் எஃப்எம் கேட்பவர் அரிது. பலருக்கு அந்த வசதி இருப்பதே தெரியாது. அது செய்யும் வேலை, படத்தின் ஒலியை 5.1, 7.1 என்று (ஐந்து அல்லது ஏழு தடங்கள், கூடவே தாழ்ந்த ஒலிக்கு ஒன்று) தனித்தனித் தடங்களாகப் பிரித்து அந்த ஐந்தையோ ஏழையோ பெருக்குவது. எனவே 'பல்தடப் பெருக்கி' என்று முன்மொழிகிறேன். 'ஏழுதடப் பெருக்கி வாங்கினேன்' என்று பேச்சிலும் வரும். வீடியோவையும் அது மாற்றிவிடுகிறதே என்று யாராவது கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் எல்லா வேலையையும் பெயரில் ஏற்றினால் அது பெயராக இருக்காது, விலைப்பட்டியல் ஆகிவிடும். சேனலுக்கு அலைவரிசை என்று எழுதுவதையும் இங்கே விட்டுவிடலாம். தொலைக்காட்சிக்குச் சரி, ஸ்பீக்கருக்குப் போகும் தடத்தில் அலைவரிசை எங்கே இருக்கிறது?

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர் பலவற்றில் பெருக்கி உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் அதற்குத் தனியாக ஒரு ப்ளக் பாயிண்ட் வேண்டியிருக்கிறது. இதை 'பெருக்கியுள்ள ஒலிபெருக்கி' என்றால் வாய்க்குள் நுழையவில்லை. 'தன்திறன் சப்வூஃபர்' என்று வரைவில் வைத்திருக்கிறேன். 'ஆக்டிவ்' என்பதை அப்படியே பெயர்த்த 'செயல்படு சப்வூஃபர்' வேண்டாம், மற்றதெல்லாம் செயல்படாதா என்று கேட்பார்கள்.

கிராஸ்ஓவருக்கு 'பிரி அதிர்வெண்' போட்டிருக்கிறேன். "பிரி அதிர்வெண்ணை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்குங்கள், அதற்குக் கீழுள்ளது சப்வூஃபருக்குப் போகும்" என்பது வரி. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் வரைவை மெய்ப்புக்கு அனுப்பிவிடுவேன்.