கம்பஸில் "எங்கட ஆட்களோடு" மட்டும் இருந்தால் போதுமா?

வன்னியான்:
தம்பிக்குத் தெற்கில் பொறியியல் கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் போகிறான். சிங்களப் பெடியளோடு வலிந்து போய்ப் பழகாதே, எங்கட ஆட்களோடு இரு என்று சொல்லி அனுப்பப் போகிறேன். நானும் நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன், ஒரு குறையும் வரவில்லை.

மகாவலி:
அப்படிச் சொல்லாதீர்கள் அண்ணா. பள்ளிக்கூடமே மொழிவாரியாகப் பிரிந்திருக்கிற நாட்டில் இருபது வயதில்தான் நாங்கள் முதன்முதலாக ஒரே வகுப்பில் இருக்கிறோம், அதையும் விட்டால் பிறகு எப்போது? முதல் வருடம் எனக்குக் கணிதம் ஏறவேயில்லை. எங்கள் பட்ச்சில் ஒரு சிங்களப் பெடியன் இரவு பத்து மணிக்கு ஹொஸ்டல் சாப்பாட்டு அறையில் குப்பி எடுப்பான், அதாவது கூடப் படிக்கிற பெடியளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான். சிங்களத்தில் சொல்லி முடித்து என் முகத்தைப் பார்ப்பான், பிறகு அதே கணக்கை எனக்காகத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் இன்னொரு தடவை செய்வான். மூன்றாவது வாரம் "தேருனாத?" என்று கேட்பதை விட்டு "விளங்குதா?" என்றான். யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வந்திருக்கிறான். அன்றைக்குத்தான் நான் சிங்களம் படிக்கத் தொடங்கினேன்.

வன்னியான்:
அவன் நல்லவன், சரி. ஆனால் 2016 ஜூலையில் யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் என்ன நடந்தது? புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனம் வேண்டும், வேண்டாம் என்று தொடங்கியது கைகலப்பாகி, கம்பஸையே மூட வேண்டி வந்தது. அதோடு, தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று, ஆனால் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் ஒருவன் தமிழன் என்றால் பேச்சு சிங்களத்தில்தான் போகும். எப்போதும் நாங்கள்தான் மொழி மாற வேண்டும். எனக்கு அது நட்பாகத் தெரியவில்லை.

பதுளைப் பிள்ளை:
இரண்டு பேரும் யாரை "எங்கட ஆட்கள்" என்கிறீர்கள்? முதல் வாரம் கன்டீனில் தமிழ்ப் பிள்ளைகளின் மேசையில் போய் இருந்தேன். ஊர் கேட்டார்கள், பதுளை என்றேன். "ஓ, தேயிலைத் தோட்டமா?" என்றார்கள், அதற்குப் பிறகு அவர்களுடைய பள்ளிக்கூடம், அவர்களுடைய கோவில் திருவிழா என்றே பேச்சுப் போனது, என்னிடம் ஒரு கேள்வி இல்லை. என் அறைத்தோழி ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை, வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் தமிழ் மாணவர் கூட்டத்துக்கு அவளை ஒருவரும் கூப்பிடவில்லை. நோன்புக்கு விடியச்சாமம் எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றியது நான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கி வந்தது அவள்.

வன்னியான்:
தங்கச்சி, அது எங்கட பக்கத்துப் பிழை. மறுக்க மாட்டேன். நான் இருந்த மேசையிலும் அப்படி நடந்திருக்கும், கவனித்திருக்க மாட்டேன்.

மகாவலி:
அண்ணா, தம்பிக்கு "மட்ட தேரென்னே நே" என்று மட்டுமாவது சொல்லிக்கொடுங்கள். எனக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். அது தெரிந்தால் குப்பியில் இருக்கலாம்.

வன்னியான்:
குப்பிக்குப் போகச் சொல்கிறேன். மொழி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், அவர்களும் நாலு சொல் தமிழ் படிக்கட்டும். ஆனால் சாப்பாட்டு மேசையில் பதுளைப் பெடியனோ ஏறாவூர்ப் பெடியனோ வந்தால் தள்ளி இருந்து இடம் விடு என்றும் சொல்லி அனுப்புகிறேன்.