எழுந்து போகும்போது நோயாளி சொன்ன வார்த்தை, கவனிக்காமல் விட்ட புற்றுநோய் அறிகுறி: நீங்கள் பார்த்த சம்பவம்? (மருத்துவப் பணியில் இருப்பவர்கள் புனைபெயரில் எழுதியவை)

இரவுப்பணி:
வெளிநோயாளர் அறை, முட்டிவலிக்கு வந்த 58 வயதுக்காரர். பிரஷர் பார்த்தாச்சு, மாத்திரை எழுதியாச்சு. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே, "வேற ஒண்ணுமில்ல டாக்டர், பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசா போட வேண்டியதாப் போச்சு" என்றார். காட்டவும் செய்தார். ஆணியால் குத்திய ஓட்டை, ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. மருத்துவர் சிரித்தார்: "நல்லதுதானே, முட்டிக்குப் பாரம் குறையும்."

நாலு மாதம் கழித்து மஞ்சள் காமாலையோடு வந்தார். கணையத்தில் புற்று.

எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம் போனால் காரணம் தேட வேண்டும். 70 கிலோ ஆளுக்கு அது 3.5 கிலோதான். எடை மெஷின் அந்த மேசையிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. கணையப் புற்றில் எடை பார்ப்பதால் மட்டும் முடிவு மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கே...

செவ்வணு:
என் கணக்கில் மூன்று சீட்டுகள். 62 வயது அம்மா, மூன்றையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தார். மூன்றும் வேறு வேறு கையெழுத்து, மூன்றிலும் ஒரே வரி: இரும்புச்சத்து மாத்திரை, 30 நாள். ஹீமோகுளோபின் 9.1, அப்புறம் 10.4, மறுபடி 9.3. ஏறியதும் எல்லாருக்கும் திருப்தி. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6தான், ரொம்பக் குறைவு. மாதவிலக்கு நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆனவருக்கு இரும்பு எங்கே போகிறது என்று மூன்று சீட்டிலும் கேள்வி இல்லை.

இரும்பு போகும் வழிகளில் ஒன்று குடல் ரத்தக்கசிவு. பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி சொட்டுச் சொட்டாகத்தான் கசியும், கண்ணுக்கு ரத்தம் தெரியாது. "மலம் கறுப்பாப் போகுதா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். "ஆமா, மாத்திரை சாப்பிடறேன்ல" என்றாராம். அதோடு பேச்சு முடிந்தது. இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பு கொஞ்சம் பச்சை கலந்தது, மலம் உருவத்தோடு இருக்கும். ரத்தக் கறுப்பு தார் மாதிரி பளபளவென்று ஒட்டும், நாற்றமே தனி. ஒட்டுதா, நாறுதா என்று இரண்டு கேள்வி போதும். ஆனால் "இல்லை" என்றாலும் விட்டுவிட முடியாது. மலத்தில் மறைரத்தம் பார்க்கும் ஃபிட் பரிசோதனையை இரும்பு மாத்திரை கெடுக்காது, அதனால் மாத்திரையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடவும் வேண்டியதில்லை.

தராசு:
இரவுப்பணி, எல்லாம் நடந்து முடிந்தபின் பார்த்தால் எல்லாமே பளிச்சென்று தெரியும். ஒரு காலைக்கு அறுபது பேர். அதில் எடை குறைந்தவர் பத்துப் பேர், அசதி என்பவர் இருபது பேர். எல்லாரையும் ஸ்கேனுக்கு அனுப்ப முடியுமா? சந்தேகப்படாதது பெரிய தப்பில்லை. திரும்ப வரும் வழியை அடைத்ததுதான் தப்பு.

நான் பார்த்தது குரல் கம்மல். "சரியாகலைன்னா வாங்க" என்று அனுப்பினார்கள். அவர் வரவில்லை. ஏனென்றால் அவர் கணக்கில் பாதி சரியாகியிருந்தது. காலையில் பரவாயில்லை, சாயங்காலம்தான் கரகரப்பு. அவ்வளவுதான் சம்பவம்.

இனி எப்படிச் சொல்ல வேண்டும் என்று பாருங்கள். தேதி சொல்லுங்கள்: "21ஆம் தேதிக்குள்ள இந்தக் கம்மல் முழுசாப் போயிருக்கணும். பாதி போயிருந்தாலும் வரணும்." அந்தத் தேதியைச் சீட்டில் எழுதுங்கள், மருந்துக்குக் கீழே இல்லை, மேலே. 3 வாரம் தாண்டிய கம்மல் என்றால் குரல்வளையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், இன்னொரு ஆன்டிபயாடிக் தீர்வல்ல. அடுத்து, "ரிப்போர்ட் நல்லாயிருந்தா கூப்பிட மாட்டோம்" என்பதை விட்டொழியுங்கள். மாதிரி தொலைந்தாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள், ரத்தம் உறைந்து மெஷின் படிக்காவிட்டாலும் கூப்பிட மாட்டார்கள். எந்த நாளில், யாரிடம், எந்த ரிப்போர்ட்டைக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லவே கூடாது. நுரையீரல் புற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். "படத்தில் தெரியல, இருமல் நிக்கலைன்னா அடுத்தது சி.டி." என்பதுதான் சரியான வாக்கியம். கடைசியாக, சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள். "புரிஞ்சுதா?" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள்.

மூடிக்குழாய்:
பரிசோதனைக்கூடத்துப் பக்கத்திலிருந்து ஒன்று. ஃபிட் குழாய் வந்தது, மூடியே மூடவில்லை, உள்ளே மலத்தை அடைத்திருந்தார்கள். குச்சி நுனியில் இருக்கும் பள்ளங்களில் ஒட்டினால் போதும், மலத்தின் நாலைந்து இடத்தில் கீறி எடுக்க வேண்டும், கழிப்பறைத் தண்ணீர் படக்கூடாது, மூடி 'க்ளிக்' ஆனபின் திறக்கக் கூடாது, எடுத்த தேதி எழுத வேண்டும். இதை யாரும் செய்து காட்டாமல் பையைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மாதிரி நிராகரிப்பு என்று எழுதினோம். கோப்பில் 'டெஸ்ட் செய்யப்பட்டது' என்று டிக் விழுந்திருந்தது.

இரண்டாவது மாதிரி சரியாக வந்தது. ரிசல்ட் பாசிட்டிவ் என்று போனில் சொன்னார்கள். மறுமுனையில், "பாசிட்டிவா? அப்பாடா, ரொம்ப சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டார். கூப்பிட்டவர் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றார். மறுபடி கூப்பிட்டு, "ரத்தம் கலந்திருக்கு, கொலோனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கணும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒருவாய்:
தராசுக்கு: அறுபது பேர் என்பது உண்மை, ஆனால் நேரம் அங்கே போகவில்லை. 1984இல் பெக்மன், ஃபிராங்கல் என்ற ஆய்வாளர்கள் அளந்தபோது, நோயாளி பேச ஆரம்பித்த சராசரி 18 விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டார். குறுக்கிடாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று 2002இல் சுவிட்சர்லாந்தில் பார்த்தார்கள்: சராசரி 92 விநாடி. பேனாவை மூடிக்கொண்டே "வேற ஏதாவது இருக்கா?" என்றால் பதில் "இல்ல"தான். ஆரம்பத்திலேயே "இன்னிக்கு என்னென்ன சொல்ல வந்தீங்க, எல்லாத்தையும் சொல்லிடுங்க" என்று கேட்டால் பெல்ட் முதலிலேயே வந்திருக்கும்.

நான் பார்த்தது: 55 வயது அம்மா, கூட மகன். எல்லாவற்றுக்கும் மகனே பதில். "கேஸ் டிரபிள் டாக்டர், வயிறு உப்புசம்." முகமும் தோளும் வற்றி, இடுப்புச் சுற்றளவு மட்டும் ஏறியிருந்தது. மகன் வண்டி எடுக்கப் போன இரண்டு நிமிடத்தில் நர்ஸிடம் சொன்னார்: "ரெண்டு வாய் சாப்பிட்டாலே நெறஞ்சிடுதும்மா, ரெண்டு மாசமா தெனம்." ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு ஐ.பி.எஸ். எனும் எரிச்சல் குடல் கோளாறு முதல்முறையாக ஆரம்பிப்பது அபூர்வம், சூலகப் புற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்தப் புற்றில் ஏறக்கூடிய சி.ஏ. 125 என்ற புரதத்தை ரத்தத்தில் பார்த்து, 35ஐத் தாண்டினால் வயிறு, இடுப்புக்குழி அல்ட்ராசவுண்டு. ஆனால் அதற்கு முன்னால், கூட வந்தவரை ஒரு நிமிடம் வெளியே அனுப்ப ஒரு சாக்கு வேண்டும். உயரம், எடை பார்க்க நர்ஸ் அழைத்துப் போவதே போதும்.

இரவுப்பணி:
தராசு, ஸ்கேனே கேட்கவில்லை நான். எடை மெஷினைத்தான் கேட்டேன். எடை தெரியாது என்பவரிடம் மோதிரம் கழலுதா, வாட்ச் பட்டை எத்தனையாவது ஓட்டை என்று கேளுங்கள், பதில் உடனே வரும். அந்தப் பெல்ட்காரருடைய பழைய சீட்டிலும் எடைக்கென்று ஒரு கட்டம் இருந்தது, அதில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்கள்.