பவுடர் பிரஸ் படுத்திய பாடு: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

குஜராத் மோர்பியில ஒரு டைல்ஸ் கம்பெனி மெயின்டனன்ஸ்ல ஆறு வருஷம் இருந்தேன். ஒரு ராத்திரி ஷிப்ட். மண் பவுடரை அச்சுல இறுக்கி டைலாக்கற பிரஸ்லேருந்து வர்ற பச்சை டைல், அதாவது இன்னும் சுடாத டைல், பார்க்க அம்சமா இருக்கு. கில்ன்ல, அதான் சூளையில, வெந்து வந்தா ஓரம் ஏடு ஏடா பிரியுது, பரோட்டா மாதிரி. சூப்பர்வைசர் "பிரஷர் பத்தல, ஏத்து"ன்னார். ஏத்தினோம். பிரியறது நிக்கல. போதாக்குறைக்கு டைலை உடைச்சா நடுவுல கறுப்பு! மண்ணை அளவுக்கு மீறி இறுக்கினா உள்ளே இருக்கற கரிமப் பொருள் சரியா எரிஞ்சு வெளியேற வழி இருக்காது.

காலையில பழைய ஆபரேட்டர் வந்தார், ஒடிசாக்காரர். மீட்டர் பக்கமே போகல. பச்சை டைலை மூலையில பிடிச்சுத் தூக்கி நகத்தால சுண்டினார். 'டிங்'னு வரவேண்டிய சத்தம் 'பொத்'துனு வந்துச்சு. "ஸ்ட்ரோக் வேகத்தை யார் கூட்டினது?"ன்னுதான் முதல்ல கேட்டார்.

டையில, அதான் அச்சுல, விழுற பவுடர்ல பாதிக்கு மேல காத்துதான். முதல்ல லேசா ஒரு அடி, மேலேருந்து அமுக்கற பஞ்ச் கொஞ்சம் மேல எழும்பி காத்தை விடணும், அப்புறம்தான் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல போற பெரிய அடி. டார்கெட்டுக்காக வேகத்தைக் கூட்டினவங்க அந்தக் கண்சிமிட்டுற இடைவெளியைத் தின்னுட்டாங்க. அதைத் திருப்பிக் கொடுத்தார், சரியாச்சு. ஒரு ராத்திரி உற்பத்தி மொத்தமும் குப்பைக்குப் போனது தனிக்கதை.

—

நம்மளுது மேட்டூர் பக்கம் சாம்பல் கல்லுங்க, அனல்மின் நிலையச் சாம்பலும் சிமென்ட்டும் கலந்து பிரஸ்ல அடிக்கற செங்கல். சூளையே கிடையாது, தண்ணி காட்டித்தான் இறுகணும். அதனால பிரஸ்ல விட்ட தப்பு உடனே தெரியாது, மேஸ்திரி திட்டும்போதுதான் தெரியும்.

ஒரு சித்திரை மாசம் லோடு திரும்பி வந்துச்சு, முனையெல்லாம் உதிருதுன்னு. கலவையைச் சந்தேகப்பட்டு சிமென்ட் கூட்டினோம், காசுதான் போச்சு. காலையில அடிச்ச கல் நல்லாத்தான் இருந்துச்சு, மத்தியானத்துக்கு மேல அடிச்சதுதான் உதிருது. பிரஸ்ஸுக்கு அழுத்தம் கொடுக்கற ஆயில் டேங்க் மேல கை வெச்சேன், வெச்ச வேகத்துல எடுத்துட்டேன். ஆயிலைக் குளிர்விக்கற கூலருக்குத் தண்ணி தள்ளுற சின்ன மோட்டார் ஓடவே இல்லைங்க. ஆயில் சூடேறி நீர்த்துப்போய், பம்ப் உள்ளேயே கசிஞ்சு, பிரஷர் நிக்கல. அத்தனைக்கும் காரணம் அந்த மோட்டார்!

ஈரம் பார்க்க எங்க ஆளுங்க மெஷினெல்லாம் தேட மாட்டாங்க. கலவையை ஒரு பிடி இறுக்கிப் பிடிப்பாங்க. உருண்டை நிக்கணும், உள்ளங்கை நனையக்கூடாது.

—

மேல எழுதின அண்ணன்களுக்கு ஒண்ணு. எங்க பிரஸ்ல ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பஞ்ச் இறங்கும். வேகமா வேலை ஆகணும்னு ஒரு பட்டனை ரப்பர் டியூப் சுத்தி அமுக்கியே வெச்சிருந்தாங்க. டை ஓரம் ஒட்டின பவுடரைத் தட்டிவிடப் போன பையனுக்கு ரெண்டு விரல் நுனி போச்சு. இப்ப ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப நான் முதல்ல பார்க்கறது ஆயில் லெவல் இல்ல, அந்தப் பட்டனைத்தான். போன வாரம்கூட ஒரு டியூப்பை அவுத்தேன்.