இளவேனில் தொடங்கிவிட்டது, தோட்டத்தை இப்போது வெட்டிச் சுத்தம் செய்யலாமா? (ஆஸ்திரேலியா, பௌரல் பக்கம்)

புதுவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் பத்து வருடம் அடுக்குமாடியில் இருந்துவிட்டு, போன மே மாதம்தான் பௌரலுக்கும் ராபர்ட்சனுக்கும் நடுவில் இரண்டு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய வீட்டுக்கு வந்தோம். குளிர்காலம் முழுக்க வெறும் புல்லும் குச்சியுமாகக் கிடந்த இடம், செப்டம்பர் பிறந்ததிலிருந்து அடையாளமே தெரியவில்லை. வேலி ஓரம் முழுக்க வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியிருக்கின்றன, பழைய சொந்தக்காரர் நட்டுவைத்த டாஃபடில் புல்லுக்கு நடுவில் அங்கங்கே தலை நீட்டுகிறது, ஏதோ ஒரு கொடி கழிப்பறைச் சுவர் மேல் ஊதா நிறத்தில் படர்ந்து நிற்கிறது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று ஒன்றும் புரியவில்லை.

என் பெரிய கேள்வி வராந்தாவை ஒட்டி இருக்கும் ஒரு புதர் பற்றி. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், இலையெல்லாம் ஊசி ஊசியாக, கை வைத்தால் குத்தும். வெள்ளையாகச் சின்னப் பூ. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா "வாசலில் முள்ளுப் புதர் வைத்தால் பாம்பு வரும், முதலில் அதை வெட்டு" என்கிறார். பிள்ளைகளுக்கு எட்டும் ஐந்தும் வயது, அதனால் எனக்கும் பயம்தான். போதாததற்கு நேற்று செங்கல் படியில் ஒரு முழ நீளத்துக்குத் தடியாக ஒரு அரணை படுத்திருந்தது. கிட்டப் போனதும் வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டியது. அம்மா அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அப்புறம், பெரியவன் சைக்கிளில் கேட் வரைக்கும் போனால் ஒரு மேக்பை (கறுப்பு வெள்ளைப் பறவை) பின்னாலிருந்து வந்து ஹெல்மெட்டில் டக்கென்று அடிக்கிறது. துணி காயப்போடும் கயிற்றில் மாட்டியிருந்த கிளிப்புகளும் காணாமல் போகின்றன, அதுவும் நீலம் மட்டும். இதற்கெல்லாம் என்ன செய்யலாம்?

ஹேக்கியா நிழல்:

தம்பி, தயவுசெய்து அந்தப் புதரை இப்போது வெட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஹேக்கியா. இந்த மண்ணின் செடி. அந்த ஊசி இலைதான் அதன் அருமையே, ஏனென்றால் பூனையும் குராவாங் என்ற பெரிய கறுப்புப் பறவையும் உள்ளே நுழைய முடியாது. சின்னப் பறவைகள் அதைத் தேடித்தான் வரும்.

குறிப்பாக ஃபேரி ரென் என்று ஒரு பறவை. ஆண் பறவைக்கு இளவேனிலில் தலையும் கன்னமும் பளிச்சென்று வான நீலம், பெண் பழுப்பு, இரண்டும் வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு புல்லில் துள்ளித் துள்ளித் திரியும். கூடு பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்தான் இருக்கும். புல்லையும் சிலந்தி வலையையும் சேர்த்துப் பின்னிய சின்ன உருண்டை, பக்கவாட்டில் ஒரு ஓட்டை. வெளியிலிருந்து பார்த்தால் காய்ந்த புல் சிக்கிக் கிடப்பது போலத்தான் தெரியும். நான் இந்தப் பக்கம் வந்த முதல் வருடம் தெரியாமல் கத்தரி போட்டு ஒரு கூட்டை அப்படியே திறந்துவிட்டேன். உள்ளே மூன்று முட்டை, என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிசு. தாய்ப்பறவை இரண்டு நாள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இவை ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கிக் கோடை முடியும் வரை ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சு பொரிக்கும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மார்ச், ஏப்ரலில் வெட்டுங்கள். அதுவும் மொட்டையாக வேண்டாம், பாதியை ஒரு வருடம், மீதியை அடுத்த வருடம் என்று போனால் பறவைக்கு எப்போதும் ஒரு பக்கம் மறைவு இருக்கும். காய்த்த கிளைகளை விட்டுவைத்தால் மஞ்சள் வால் கொண்ட கறுப்புக் காக்கட்டூ வந்து அந்த மரக்கட்டை மாதிரியான காயை அலகால் உடைத்துத் தின்னும், அந்தச் சத்தத்தைக் கேட்கவே காத்திருக்கலாம்.

நீலக் கிளிப் எடுத்தது சாட்டின் பௌவர்பேர்ட். ஆண் பறவை தரையில் குச்சிகளை இரண்டு சுவராக நட்டு, நடுவில் சந்து விட்டு, வாசலில் நீல நிறப் பொருள்களாகப் பரப்பி வைக்கும். அது கூடு இல்லை, பெண்ணை வரவழைத்து ஆடிக் காட்டும் இடம். கூடு கட்டுவதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் தனியாகத்தான், எங்கோ மரத்தின் மேல். ஆணுக்கு அந்த மினுமினுக்கும் கருநீலம் முழுசாக வர ஏழு வருடம் ஆகும், அதுவரை பெண்ணைப் போலவே பச்சையாக இருக்கும். கிளிப் போனால் போகட்டும், ஆனால் பால் பாட்டில் மூடியிலிருந்து கழன்று வரும் நீல வளையத்தை மட்டும் வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள். அது கழுத்தில் மாட்டி இந்தப் பறவைகள் செத்துப்போகின்றன.

சுவரில் படர்ந்த ஊதாக் கொடி ஹார்டன்பெர்கியாவாக இருக்கும். அது அவரைக் குடும்பம், பூவை உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுங்கள்.

வன்னித்தம்பி:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. பாம்பு விசயம் மட்டும் நான் சொல்கிறேன், இங்கே கோழி வளர்த்துப் பழகியவன்.

முதலில் அந்த அரணை. "அரணை கடித்தால் மரணம்" என்று நாங்களும் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் அரணைக்கு விஷமே கிடையாது. நீங்கள் பார்த்தது நீலநாக்கு அரணை, நாக்கை நீட்டுவது உங்களை வெருட்டத்தான். தோட்டத்து நத்தையைத் தின்று தீர்ப்பது அதுதான். இப்போது அவை துணை தேடி அலையும் காலம், கோடையில் முட்டையாக இல்லாமல் குட்டியாகவே போடும். ஆகவே நத்தை மருந்து போடாதீர்கள், மருந்து தின்ற நத்தையைத் தின்றால் அதுவும் செத்துவிடும். அம்மாவிடம் கவனமாக எடுத்துச் சொல்லுங்கள், கொஞ்ச நாளில் அவரே தேடுவார்.

பாம்பு வரும்தான், பொய் சொல்லக்கூடாது. செப்டம்பர் வெயில் பட்டதும் சிவப்பு வயிற்றுக் கறுப்புப் பாம்பும் பிரவுன் பாம்பும் வெளியே வரும். ஆனால் அவை வருவது புதருக்காக இல்லை. தவளைக்கும் எலிக்கும், ஒளிந்துகொள்ள இடத்துக்கும். வீட்டைச் சுற்றிப் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். தரையில் கிடக்கும் தகரம், பலகை, விறகு அடுக்கு எல்லாவற்றையும் வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். கோழி வைத்தால் தீவனத்தை மூடிய டின்னில் வையுங்கள், எலி வராவிட்டால் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. புதருக்கு அடியில் மட்டும் கிளைகளை ஒரு சாண் தூக்கிக் காய்ந்த சருகை வாரிவிட்டால் போதும், அதையும் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடுங்கள்: பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று, மெதுவாகப் பின்னால் வர வேண்டும். அடிக்கப் போனால் கடி வாங்கும் ஆபத்துதான் கூடும். அகலமான இழுபட்டைக் கட்டு இரண்டு வீட்டில் இருக்கட்டும். கடித்தால் கழுவக்கூடாது, கடித்த கை அல்லது கால் முழுக்க இறுக்கமாகச் சுற்றி, ஆட்டாமல் வைத்து, உடனே 000 என்ற அவசர எண்ணுக்கு அழையுங்கள். நடக்கவும் விடக்கூடாது.

அதிகாலை நடை:

மேக்பை பற்றி யாரும் எழுதவில்லை. எல்லா மேக்பையும் தாக்காது, கூட்டில் குஞ்சு இருக்கும் சில வாரங்களில் சில ஆண் பறவைகள் மட்டும்தான். சைக்கிளைக் கண்டால் அதற்கு இன்னும் கோபம், அதனால் மகனை அந்த மரம் தாண்டும் வரை இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கையை வீசவோ கல் எறியவோ வேண்டாம், மேக்பைக்கு முகம் நினைவிருக்கும், ஒரு தடவை பகையாளி ஆகிவிட்டால் அடுத்த வருடமும் அதே ஆளைத் தேடி வரும். இங்கே எல்லாச் சொந்த மண் பறவைகளுக்கும் சட்டப் பாதுகாப்பும் உண்டு. மற்ற மாதங்களில் விடியும்போது அது பாடும் பாட்டு இருக்கிறதே, அதைக் கேட்டால் இந்த ஆறு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

மைனா வந்தால் நம் ஊர்ப் பறவை என்று சோறு வைக்காதீர்கள், எனக்கும் அந்த ஆசை இருந்தது. 1860களில் பூச்சியைத் தின்னும் என்று மெல்பர்னில் கொண்டுவந்து விட்டது, இப்போது ரொசெல்லாக் கிளிகளின் மரப்பொந்துகளைப் பிடுங்கிக்கொள்கிறது. ஊர் நினைவுக்கு வேறு ஒரு விருந்தாளி இருக்கிறது. குயில்! நம் குயிலுக்கு நெருங்கிய சொந்தம், அதே சிவந்த கண், அதே கறுப்பு. நியூகினி பக்கமிருந்து செப்டம்பர், அக்டோபரில் வரும். ஊரில் காக்கை கூட்டில் முட்டையிடும், இங்கே வாட்டில்பேர்ட் என்ற பறவையின் கூட்டில். காது கொடுத்துக் கேளுங்கள்.

புதுவீட்டுக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். புதர் அப்படியே இருக்கிறது. அக்கா எழுதியதைப் படித்த மறுநாள் காலை டீயோடு வராந்தாவில் பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பழுப்புப் பறவை ஒன்று அலகில் சிலந்தி வலையைத் தாடி மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது, அங்கே இங்கே பார்த்துவிட்டு முழங்கால் உயரத்தில் உள்ளே நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் நீலப் பறவை வந்து கிளையில் உட்கார்ந்தது, அதன் வாயில் ஒரு மஞ்சள் பூவிதழ். தின்னவில்லை, கீழே போடவில்லை, அதைப் பிடித்தபடி கன்னத்து இறகை விரித்துத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தது. இப்போது குஞ்சு பொரித்துவிட்டது என்று நினைக்கிறேன், இரண்டும் புழு கொண்டுபோகின்றன.

கிளிப்புகளையும் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள், பின்பக்க மரங்களுக்கு அடியில். நம்முடையது ஏழு, கூடவே கிளி இறகு, ஒரு பேனா மூடி, ஒரு பால் வளையம். வளையத்தைப் பெரியவன் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டான், மற்றது எதையும் தொடவில்லை. தகரம், விறகு எல்லாம் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டது. அரணைக்கு அம்மா மண் சட்டியில் தண்ணீர் வைக்கிறார்.

குயில் போன வியாழக்கிழமை வந்தது. இருட்டு விலகுவதற்கு முன்பே கூவல் கேட்டு எழுந்து போனால், அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறார். அது கூவ, இவர் அதே மாதிரித் திரும்பக் கூவ, அது இன்னும் சத்தமாகக் கூவியது. சின்னவளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டாள். வெளிச்சம் வரும் வரை மூன்று பேரும் நிறுத்தவில்லை.