மேடையில் இருந்தவரும் மூன்றாம் வரிசையில் இருந்தவரும்

தொல்லியல் உரைகளில் எனக்குப் பிடித்தது கேள்வி நேரம்தான். பேச்சாளர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், கடல் வணிகம் என்று வந்துவிட்டால் கேட்பவர்களிலும் ஒரு கடலோடி இருக்க வேண்டும்.

பழைய துறைமுக ஊரான அரிக்கமேடு பற்றிய ஓர் உரை, புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவச் சிற்றூரின் சமுதாயக் கூடத்தில் நடந்தது. பேசியவர் ஓய்வுபெற்ற தொல்லியல் அலுவலர். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த இத்தாலியச் சிவப்புப் பானை ஓடுகளுக்குக் காலம் ஏற்கெனவே தெரியும்; அதை வைத்து உடன் கிடைத்த உள்ளூர்ப் பொருள்களுக்கும் காலம் குறித்தார் என்று விளக்கினார். யவனர், அதாவது கிரேக்க ரோமானிய வணிகர், வந்துதான் ஊரே எழுந்தது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லி நடத்திய அகழாய்வு அதை மாற்றியது: ஊர் அதற்கு முன்பே இருந்தது, பிறகும் நெடுங்காலம் நீடித்தது.

கூடவே ஒரு நகல் தட்டைக் கைமாற்றிவிட்டார். மெல்லிய, வழவழப்பான சாம்பல் நிறத் தட்டு. உட்புற அடியில் வளையம் வளையமாக நுண்ணிய புள்ளிகள். ரௌலட்டட் வகை என்பார்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட இது நம் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டது என்பதுதான் இன்றைய கருத்து.

அப்போது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "ஐயா, மேற்கேயிருந்து வந்த பெருங்கப்பல் தனுஷ்கோடித் திட்டுகளைத் தாண்டி இந்தப் பக்கம் எப்படி வந்தது? அங்கே தண்ணீரே கிடையாதே."

பேச்சாளர் முகம் மலர்ந்தது. ஒன்று, இலங்கையைச் சுற்ற வேண்டும். இல்லையென்றால் மேற்குக் கரையில் சரக்கை இறக்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கிழக்கே கொண்டுவர வேண்டும் என்றார். கோவை வட்டாரத்தில் ரோமானியக் காசுப் புதையல்கள் மிகுதியாகக் கிடைப்பதையும், நொய்யல் கரையில் பழைய வணிக ஊரான கொடுமணல் இருப்பதையும் சுட்டிக்காட்டினார். உள்ளூர் மரக்கலங்களில் மாற்றி ஏற்றியும் வந்திருக்கலாம். மரங்களைப் பிணைத்துக் கட்டிய பெரிய கலங்கள் இந்தக் கரையில் ஓடியதை முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு சொல்கிறது.

பெரியவர் அத்துடன் விடவில்லை. ஐப்பசிக்கு மேல் நீவாடு (கடல் நீரோட்டம்) தெற்கே இழுக்கும், சரக்கோடு வடக்கே ஏற சோழகக் காற்றுக்கு, அதாவது தென்காற்றுக்கு, காத்திருக்க வேண்டும் என்றார். பேச்சாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அன்றைய உரையின் சிறந்த பகுதி அதுதான் என்பேன்.

நேர்மாறான அனுபவமும் உண்டு. வேறோர் அரங்கில் ஒருவர் கடலடி நகரத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு வயது கொடுத்தார், கைதட்டல் ஓயவில்லை. காலக்கணிப்பு எந்தப் பொருளில் செய்தது என்று கேட்ட இளைஞரைத் தமிழ்ப்பற்று இல்லாதவர் என்றார். பூம்புகார்ப் பக்கம் கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறை ஒன்றைக் காட்டினால் போதாதா? படகு கட்டும் மரக்கம்பத்தின் அடிகூட அங்கே எஞ்சியிருந்தது. மிகைக்குத் தேவையே இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் கிடைத்த, கப்பல் உருவம் கீறிய பானை ஓட்டைப் பற்றிய உரைகளைக் கேட்டவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பாய்மர அமைப்பைப் பற்றிப் பாய் கட்டி ஓட்டிய எவராவது கருத்துச் சொல்லியிருந்தால் எழுதுங்கள்.