புக்கிட் பிரவுனில் மிச்சம் இருக்கும் கல்லறைகளும் போய்விடுமா?

கேள்வி (தோ பாயோ வாசி):
வீட்டில் இந்தப் பேச்சு எடுத்தாலே சண்டை, அதனால் இங்கே கேட்கிறேன். சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன், 1922இல் திறந்து 1973இல் மூடிய சீன இடுகாடு, ஏறக்குறைய ஒரு லட்சம் கல்லறைகள். 2011இல் எட்டுத் தடச் சாலை வருகிறது என்று அறிவித்து, 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். அதுதான் இப்போதைய லோர்னி நெடுஞ்சாலை. மிச்ச இடமும் நீண்டகாலத் திட்டத்தில் குடியிருப்புக்குத்தான். நானும் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குக் காத்திருப்பவள்தான், ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செல்வம்_ஜூரோங்:
இருக்கிறவர்களுக்கு இடம் வேண்டாமா? 1998இலிருந்து யாரைப் புதைத்தாலும் 15 ஆண்டுதான். தெங்கா விமானத் தளத்துக்காக 80,000 கல்லறைகளை எடுப்பதாக 2017இல் அறிவித்தார்கள், அதில் சீனர், முஸ்லிம் இரண்டு தரப்பும் உண்டு. எல்லோருக்கும் ஒரே சட்டம். வருத்தம்தான், ஆனால் வேறு வழி இல்லை.

மேரி அக்கா:
தம்பி, வழி இல்லை என்பதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள முடியாது, தீவில் இன்னும் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. பிடாடாரி என்ற பழைய இடுகாட்டில் கிறிஸ்தவர் பக்கம் சுமார் 58,000, முஸ்லிம்கள் பக்கம் சுமார் 68,000 கல்லறைகளை எடுத்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தாவும் அங்கேதான் இருந்தார். பத்திரிகையில் வந்த அறிவிப்பை வீட்டில் யாரும் பார்க்கவில்லை, தெரிய வந்தபோது தவணை முடிந்துவிட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அதில் குடியிருப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வீடு கடிதம் போட்டுச் சொல்லியிருக்கலாமே?

நடைப்பிரியன்:
அக்கா சொல்வதுதான் விஷயமே. 2011இல் முடிவு முதலில் வந்தது, ஆவணப்படுத்தும் வேலை அப்புறம்தான் தொடங்கியது. மரபுடைமைச் சங்கமும் இயற்கைச் சங்கமும் எதிர்த்தது இதைத்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்: சில சமாதிகளுக்கு முன்னால் தலைப்பாகையும் துப்பாக்கியுமாகச் சீக்கியக் காவலாளி சிலைகள் நிற்கும், பக்கச் சுவரில் பூப்போட்ட பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபு) ஓடுகள். சீனர் கல்லறைக்குப் பஞ்சாபிக் காவல்! இந்த ஊர் எப்படிக் கலந்து வளர்ந்தது என்பதை வேறு எங்கே இப்படிப் பார்க்க முடியும்? மிச்சத்தில் ஒரு கல்லைத் தொடுவதற்கு முன்பே முழுசாகப் பதிவு செய்து, குடும்பங்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும். வீடு கட்டுவதா இல்லையா என்று பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தோ பாயோ வாசி:
நன்றி. தன்னார்வலர்கள் கூட்டிப்போகும் நடையில் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போகிறேன், பார்த்த பிறகு பேசட்டும். மேரி அக்கா, பழைய அடக்கப் பதிவேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பிடாடாரிக்கும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.