சுடுகாட்டு பாதைக்கு ஊர் ஃபண்டுலேருந்து பணம் எடுக்கலாமா? குரூப்புல ஒரே சண்டை

வெட்டாத்துப்பையன்:

வணக்கம் மக்களே. நமக்கு நாகப்பட்டினம் மாவட்டம், கீழ்வேளூர் பக்கம் ஒரு சின்ன ஊரு. எங்க காலனித்தெருவுலேருந்து படிச்சு வெளிய வந்த பசங்க சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய்னு செதறிக் கெடக்கோம். வாட்ஸ்அப் குரூப் ஒண்ணு வச்சு ஆளுக்கு மாசம் 500 ரூவா போட்டு ஊருக்கு எதாவது செஞ்சிக்கிட்டு வர்றோம். நோட்டு புத்தகம், பத்தாவது பன்னண்டாவதுல நல்ல மார்க் எடுத்த புள்ளைங்களுக்கு பரிசு, கஜா புயல் அப்ப அரிசியும் தார்ப்பாயும், இந்த மாதிரி. இதுக்கெல்லாம் யாரும் ஒரு வார்த்தை எதுத்து பேசுனது கெடையாது.

இப்ப பிரச்சனை என்னன்னா எங்க தெருவுக்கு சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். போறதுக்கு பாதை கெடையாது, வயல் வரப்பு தான். கோடையில எப்படியோ ஓடிடும். போன கார்த்திகையில பெரியப்பா எறந்தப்ப வாய்க்கால்ல இடுப்பளவு தண்ணி, பாடைய தோளுக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு எறங்குனோம், அந்தப்பக்கம் ஏறுனா நட்ட சம்பா நிக்குது, வரப்பு ஒரு ஆளு நடக்குற அகலம், நாலு பேரு தூக்குனா ரெண்டு பேரு காலு வயல்ல தான் பதியும். வயக்காரரு அந்தக் கரையில நின்னுக்கிட்டு பயிரு போச்சு பயிரு போச்சுன்னு கத்துறாரு. மோளக்காரரு மோளத்த தலையில வச்சிக்கிட்டு வந்தாரு, அடிக்கல.

தெருவுல இருக்குற பொம்பளைங்க தான் இந்த பாதைக்கு மனு போட்டு அலையிறாங்க. கலெக்டர் ஆபீஸ் போற வேன் வாடகை, ஜெராக்ஸ், தேவைப்பட்டா வக்கீல் செலவு, இதுக்கு ஃபண்டுலேருந்து குடுக்கலாம்னு நான் சொன்னேன். உடனே ரெண்டு பெரிய ஆளுங்க "தம்பி இது அரசியல், நாம தர்மம் பண்ற குரூப்பு, ஊருக்குள்ள சண்ட வந்தா நம்ம பேரு கெடும்"னுட்டாங்க. அதுல ஒருத்தரு ஆர்ஓ தண்ணி மிஷின் மொத்த செலவும் நானே தர்றேன், அப்பா பேருல போர்டு வச்சா போதும்ங்குறாரு. நல்ல மனுசன் தான், குத்தம் சொல்லல. ஆனா தெருவுல தண்ணி டேங்க் இருக்கு, பாதை தான் இல்ல.

இந்த மாதிரி குரூப் நடத்துறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, உரிமை கேக்குற வேலைக்கு இந்த மாதிரி பணத்த செலவு பண்ணலாமா, பதிவு பண்ணணும்னா டிரஸ்ட்டா சங்கமா, யாரு முடிவு எடுக்குறது?

—

நடுநிலைவாதி_77:

எதுக்குங்க வம்பு. ஸ்கூலுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கிக் குடுங்க, நாலு புள்ளைங்க படிச்சு முன்னேறுனா பாதை தானா வந்துரும்.

—

தாலுகாபீஸ்_டீக்கடை:

மேல இருக்குறவருக்கு, படிச்சு முன்னேறுன பசங்க தானே இந்த கேள்விய கேக்குறாங்க, இன்னும் பாதை வரலியே சார்.

தம்பி, வக்கீல் செலவுக்கு போறதுக்கு முன்னாடி முதல்ல ரெக்கார்ட பாருங்க, பாதி ஊர்ல இத பாக்காமயே வருசக்கணக்கா மனு போட்டுக்கிட்டு இருக்காங்க. அந்த வயலோட சர்வே நம்பர் எடுங்க, அ-பதிவேடும் (எந்த நெலம் யாருது, என்ன வகைன்னு இருக்குற ரெவின்யூ பதிவேடு) எஃப்எம்பி வரைபடமும் (அந்த நெலத்தோட அளவு வரைபடம்) வாங்குங்க. நீங்க வரப்புன்னு நெனைக்கிறது ரெக்கார்டுல பாதை புறம்போக்கா கூட இருக்கலாம், பக்கத்து வயக்காரரு வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வெட்டி உள்ள சேத்துருப்பாரு. அப்படி இருந்தா வேலை சுளுவு, அளந்து கல்லு போட்டு ஆக்கிரமிப்ப எடுக்க சொல்லி கேக்கலாம். ஆபீஸ்ல குடுக்க மாட்டேன்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாள்ல பதில் வரணும்.

ரெக்கார்டுல பாதையே இல்ல, முழுக்க பட்டா நெலம் தான்னா அரசாங்கம் நெலத்த எடுத்து தரலாம். ஆதிதிராவிடர் நலத்துக்கு நெலம் கையகப்படுத்த தமிழ்நாட்டுல 1978லயே தனிச் சட்டம் இருக்கு, சுடுகாட்டுக்கும் பாதைக்கும் அதுல எடுத்துருக்காங்க. ஆதிதிராவிடர் நல தனி தாசில்தார்னு ஒருத்தரு இருப்பாரு, அவர புடிங்க. வயக்காரருக்கும் காசு வந்துரும், அவரும் பாவம் பயிருக்காக தான் கத்துறாரு, எல்லா வருசமும் அவரு வயல்ல தான் எறங்குறீங்க.

வக்கீல் காசுக்கு: 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல எஸ்சி எஸ்டி ஆளுங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் வருமானம் எவ்ளோன்னே பாக்காம இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கும், போன்ல 15100. சுடுகாட்டுக்கு போக விடாம யாராச்சும் வேணும்னே மறிச்சா அது வன்கொடுமை சட்டத்துலயே குத்தம், 2015 திருத்தத்துல தெளிவா சேத்துட்டாங்க. அத எடுத்த எடுப்புல காட்டாதீங்க, ஆனா இருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு பேசுங்க. ஆக உங்களுக்கு ஆகுற செலவு வேன் வாடகையும் ஜெராக்ஸும், அப்புறம் வேலைக்கு போகாம வர்ற பொம்பளைங்களோட அன்னைக்கு கூலி. இந்த கூலிய தான் எல்லாரும் மறந்துர்றாங்க. நடவு நேரத்துல ஒரு நாள் கூலிய விட்டுட்டு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல எத்தன திங்கக்கெழம நிப்பாங்க சொல்லுங்க.

—

செங்காத்து:

கீழ்வேளூர் பக்கத்துலேருந்து ஒரு ஆளு "உரிமை கேக்குறது அரசியலா"ன்னு கேக்குறத பாத்தா ஒரு மாதிரி இருக்கு தோழர். கீழ்வெண்மணி உங்களுக்கு எவ்ளோ தூரம்? 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேர ஒரு குடிசையில வச்சு எரிச்சாங்க, கூலி கொஞ்சம் நெல்லு கூட கேட்டதுக்கும் சங்கத்துல இருந்ததுக்கும். 1973ல ஹைகோர்ட்டு நெலக்காரங்கள விடுதலை பண்ணிருச்சு. அதுக்கும் முன்னாடி பண்ணையாளுங்களுக்கு சாணிய கரைச்சு குடிக்க வைக்கிறது, சவுக்கால அடிக்கிறதுன்னு தண்டனை இருந்த காலத்துல கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் மாதிரி ஆளுங்க சேரி சேரியா படுத்து எழுந்து சங்கம் கட்டுனதால தான் 1952ல பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு. எந்த டிரஸ்ட்டும், நன்கொடைக்கு வரி கழிவு வாங்க குடுக்குற 80ஜி ரசீதும் இத வாங்கித் தரல. உங்க குரூப்பு பெரியவங்க தர்மம்னு சொல்ற அந்த நோட்டு புத்தகத்த வாங்க பள்ளிக்கூடம் போற தைரியமே அப்படி வந்தது தான்.

போர்டு வைக்கிற ஆளு காசு வேணாம்னு சொல்லிருங்க.

—

சித்திரைப்பொண்ணு:

செங்காத்து தோழர் சொல்ற வரலாறு சரி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒத்து வரல. நான் மதுரை பக்கம் மகளிர் குழுவுல ரொம்ப காலமா வேலை பாக்குறவ, காசு வேணாம்னு சொல்றது வெளியூர்ல இருக்குற நமக்கு சுளுவு.

அதே வெண்மணிக்கு அப்புறம் அங்க வந்து எறங்குனவங்க தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். நெலக்காரங்க கிட்ட நெலத்த தானமா கேட்டு வாங்குன பூதான் இயக்கத்துல வினோபா கூட நடந்தவங்க. அந்தம்மாவே தலித் குடும்பத்துல, கூலி வேலை செஞ்ச தாய்க்கு பொறந்தவங்க. 1981ல லாஃப்டின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உழுபவனின் நில உரிமை இயக்கம்னு சொல்வாங்க. நெலத்த விக்க நெனைக்கிற மிராசுதார் கிட்ட நேரா போய் வெலை பேசுறது, பேங்குல கடனும் அரசாங்க திட்டத்துல மானியமும் வாங்குறது, கூலிக்கு நின்ன குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர்னு பொம்பளைங்க பேர்லயே பத்திரம் போடுறது. இப்படி கிட்டத்தட்ட 13,000 குடும்பத்துக்கு நெலம் போயிருக்கு. அதே ஆளுங்க இறால் பண்ணை வந்து தஞ்சை நாகை கடலோர நெலத்தையும் குடிதண்ணியையும் கெடுத்தப்ப மறியலும் பண்ணாங்க, சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனாங்க, 1996 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. 2008ல ரைட் லைவ்லிஹூட் விருது ரெண்டு பேருக்கும் குடுத்தாங்க. மனுவும் போட்டாங்க, காசும் வாங்குனாங்க, ரோட்டுலயும் உக்காந்தாங்க. தர்மம் தனி அரசியல் தனின்னு அவங்க கோடு போட்டு வச்சிருந்தா ஒரு ஏக்கர் கூட கைமாறியிருக்காது.

எங்க பக்கத்துல சின்னப்பிள்ளை அம்மாவ எல்லாருக்கும் தெரியும், 2001ல டெல்லியில விருது குடுக்கும்போது வாஜ்பாய் கால தொட்டு கும்புட்டாரே அவங்க தான், 2019ல பத்மஸ்ரீயும் வந்துச்சு. எழுதப் படிக்க தெரியாது. களஞ்சியம்ங்குற மகளிர் சேமிப்பு குழுவுக்கு வர்றதுக்கு முன்னாடியே அறுப்பு வேலைக்கு ஆள் சேத்து, நெலக்காரங்க கிட்ட கூலி பேசி வாங்கிக் குடுக்குறவங்களா இருந்தாங்க. அந்த பழக்கம் இருந்ததால தான் பின்னாடி குழுவுல சேமிப்பு, கடன்னு வந்தப்ப கந்துவட்டிக்காரன மீறி நிக்க முடிஞ்சுது. வெளியில இருந்து வந்த உதவி அந்தம்மாவ தலைவியா ஆக்கல, ஏற்கனவே இருந்த தலைவி பின்னாடி போய் நின்னுச்சு.

உங்க தெருவுலயும் ஆளு இருக்கு. மனு எழுதி அலையிற அந்த பொம்பளைங்க யாரு, அவங்கள்ல முன்னாடி நிக்கிறது யாரு, உங்க பதிவுல அவங்க ஒரு வரி தான் வர்றாங்க. அவங்க உங்க வாட்ஸ்அப் குரூப்புல இருக்காங்களா மொதல்ல?

ஆர்ஓ மிஷின் குடுக்குறவர வெரட்டாதீங்க. அந்த வாய்க்கால்ல எறங்கி ஏறுற எடத்துக்கு ஒரு நடை கூட்டிட்டு போங்க, முடிஞ்சா ஐப்பசியில.

—

கணக்குப்புள்ள:

பதிவு விஷயம் மட்டும் நான் சொல்றேன், வரலாறு நமக்கு வராது.

இப்ப யாரோ ஒருத்தர் பர்சனல் அக்கவுண்டுல தானே பணம் சேருது? அத மொதல்ல நிப்பாட்டுங்க, நாளைக்கு வருமான வரிக்காரன் கேட்டா அந்த ஆளு தான் மாட்டுவாரு, குரூப்புல சண்டை வந்தாலும் அவரு தான் திருடன். டிரஸ்ட்டுனா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பத்திரம் போட்டா முடிஞ்சுது, ஆனா அதுல பேரு போட்ட ரெண்டு மூணு பேரு கையில தான் எல்லாம், ஊர்ல இருக்குறவங்களுக்கு ஓட்டு கெடையாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல போனா கொறஞ்சது 7 பேரு வேணும், வருசா வருசம் பொதுக்குழு கூட்டணும், கணக்கு தாக்கல் பண்ணணும், தலைவலி தான், ஆனா தெருவுல இருக்குறவங்க உறுப்பினரா வந்து கைய தூக்கலாம். மேல அக்கா சொன்னத பாத்தா உங்களுக்கு சங்கம் தான் சரி. 80ஜிக்கு ரொம்ப அலையாதீங்க, புது வரி முறைக்கு மாறுனவங்களுக்கு அந்த கழிவே கெடையாது.

துபாய் சிங்கப்பூர் பசங்க இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா அவங்க சொந்த சம்பளத்துலேருந்து பேங்க் மூலமா அனுப்புற காசு வெளிநாட்டு நிதி கணக்குல வராது. அந்த நாட்டு குடியுரிமை வாங்கிட்டவங்க குடுத்தா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி வாங்குறதுக்கான சட்டம்) வந்துரும், ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடிமகனா ஆன இந்திய வம்சாவளிக்கு குடுக்குற அட்டை) இருந்தாலும் அதே தான். அந்த சட்டத்துல வாங்க வேண்டிய லைசென்ஸ் புது சங்கத்துக்கு சாதாரணமா கெடைக்காது, மூணு வருசம் ஓடியிருக்கணும், 15 லட்சம் செலவு காட்டணும். கம்பெனிங்க சமூக சேவைக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் காசையும் இதுக்கு நம்பாதீங்க, ஸ்மார்ட் போர்டுக்கு ஓடி வருவாங்க, தாசில்தார எதுத்து மனு போடுற வேலைக்கு எவனும் வர மாட்டான்.

—

வெட்டாத்துப்பையன்:

எல்லாருக்கும் நன்றிங்க. செங்காத்து தோழர், வெண்மணி எங்களுக்கு பக்கத்து ஊரு மாதிரி தான், எங்க அப்பாயி அந்த ராத்திரி பத்தி பேசவே பேசாது. சித்திரைப்பொண்ணு அக்கா கேட்டதுக்கு, இல்லக்கா, அந்த பொம்பளைங்கள்ல ஒருத்தரு கூட குரூப்புல இல்ல, பாதி பேருகிட்ட பட்டன் போன் தான். ஞாயித்துக்கெழம பசங்க ரெண்டு பேரு ஊருக்கு போறாங்க, தெருவுலயே உக்காந்து பேச சொல்லிருக்கேன், ஃபண்டு கணக்கையும் படிச்சுக் காட்ட சொல்லிட்டேன். ஆர்ஓ அண்ணன் சிங்கப்பூர் சிட்டிசன் ஆயிட்டாரு, கணக்குப்புள்ள சொன்னத பாத்தா அவரு காசு சங்கத்துக்கே வர முடியாது போல. அவரு அம்மா ஊர்ல தான் இருக்கு, அவங்களுக்கும் கடைசியில அந்த வாய்க்கால் வழி தான்.

டீக்கடை அண்ணே, சர்வே நம்பர் விஏஓ கிட்ட கேட்டா தருவாரா, இல்ல நேரா ஆர்டிஐ போட்டுரலாமா? கிராம சபையில தீர்மானமா கொண்டு வரலாமா?

—

தாலுகாபீஸ்_டீக்கடை:

சர்வே நம்பர் வயக்காரரு பட்டாவுலயே இருக்கும், ஆன்லைன்லயும் பாக்கலாம், எஃப்எம்பியும் அங்கேயே எறக்கிக்கலாம். அதுக்கு ஆர்டிஐ வேணாம், போட்ட மனுவெல்லாம் என்னாச்சுன்னு கேக்குறதுக்கு போடுங்க. கிராம சபையில கட்டாயம் வைங்க, வருசத்துக்கு ஆறு தடவ நடக்கும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தெருவே தெரண்டு போகணும், தீர்மான நோட்டுல எழுதுற வரைக்கும் யாரும் கெளம்பக் கூடாது, எழுதுனத போட்டோ எடுத்துட்டு தான் கையெழுத்து போடணும். வெத்து நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு டீ குடுத்து அனுப்பிருவாங்க.